தானாக விழாத புராசஸ்

சுகந்தி இறந்த செய்தி வந்தபோது அவிநாசியில் ஒரு பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவர் கணவர்தான் அழைத்தார். "சுகந்தி போயிட்டாளுங்க" என்றார். புற்றுநோய் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் கோபம் வந்தது. இன்னும் வருகிறது.

அவருக்கு வாய் நீளம் என்பார்கள். ஆமாம், நீளம்தான். எங்கள் சாயப்பட்டறையின் கணினி அறையில் பக்கத்து நாற்காலியில் இருந்து அதிகமாக வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

பட்டறையிலிருந்து வெளியே போகும் கழிவுநீரை அளக்கும் மீட்டரைப் படித்துப் பதியும் ஸ்கிரிப்டை, அதாவது கணினி நிரலை, பைத்தான் மொழியில் எழுதியவர் அவர். கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலைப் புராசஸ் என்பார்கள்; அதில் தாய் புராசஸ் ஒன்று, மீட்டரைப் படிக்கும் பிள்ளை புராசஸைத் தொடங்கிவிட்டுக் காவல் நிற்கும். பிள்ளை நின்றுபோனால் காரணத்தைப் பதிந்து வைக்கும். காரணமெல்லாம் எதற்கு, மறுபடி தொடங்கினால் போதாதா என்று கேட்டேன். "ஏனுங்ண்ணா, உங்கூட்டுல ஒருத்தர் விழுந்தா எந்திரீங்கன்னு மட்டும் சொல்லுவீங்களா? ஏன் விழுந்தீங்கன்னு கேக்க மாட்டீங்களா?" என்றார்.

மழை நாட்களில் மட்டும் அந்தப் பிள்ளை நின்றுகொண்டே இருந்தது. மீட்டர் பதிவு நின்றுபோன நேரத்தில், மழைத் தண்ணீரோடு சாயத் தண்ணீரையும் ஓடையில் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஈரத்தில் மீட்டர் கோளாறு என்றார் மேனேஜர். பதிவில் மைனஸ் ஒன்பது என்று இருந்தது. வெளியிலிருந்து யாராவது கில் செய்தால், அதாவது வலுக்கட்டாயமாக நிறுத்தினால், வரும் எண் அது. கணினியின் நினைவகத் தட்டுப்பாட்டிலும் வரலாம். சுகந்தி அதையும் பார்த்துவிட்டார், தட்டுப்பாடே இல்லை. அந்தப் பதிவை எடுத்துவிடச் சொன்னார் மேனேஜர்.

"மீட்டர் மேல பழி போடாதீங்க சார். அது தானா விழுகலீங்க, கொன்னுருக்காங்க. வேணும்னா என்னைய வேலையை உட்டு எடுங்க. அதை எடுக்க மாட்டேன்."

திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு மேலும் சில வரிகள் எழுதினார். அதன்பிறகு பிள்ளையைக் கொன்றால் தாய் எழுப்பியது. தாயைக் கொன்றால் கணினியின் இயங்குதளமே எழுப்பியது. கொன்று கொன்று அலுத்துப்போனார்கள். அவரை வெளியே அனுப்பவும் துணிச்சல் வரவில்லை, பட்டறையின் மொத்தக் கணினியும் அவர் கையில்தான் இருந்தது.

துக்கத்துக்குப் போய்வந்த மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அந்தம்மாதான் இல்லையே, இனி அந்த ஸ்கிரிப்டை நிறுத்திவிடலாமே என்று இதமாகத்தான் சொன்னார். இந்த வயதில் எனக்கு வேறு யார் வேலை தருவார்கள்?

சுகந்தியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது 'மாட்டேன்' என்ற அந்த ஒரு சொல்தான். அதைச் சொல்லிவிட்டு வந்தேன். இதை நீங்கள் படிக்கும்போது எனக்கு வேலை இருக்குமோ இருக்காதோ, தெரியாது. மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்.