எண்பதும் இடது கை

கட்டிங் மாஸ்டர் அன்றைக்கு வெட்டிக் குவித்த நாற்பது சட்டைக்கு எண்பது கை. எண்பதும் இடது கை. கைக்கான அளவு அட்டையைத் துணிமேல் வைத்து ஒரு தரம் வரைந்த பின் திருப்பிப் போட்டு வலது கையை வரைய வேண்டும். திருப்பாமலே வரைந்து, நாற்பது அடுக்குத் துணியையும் மிஷினில் வெட்டிவிட்டார். வேலை பழகுகிறவனே ஒரு முறைதான் சறுக்குகிற இடம் அது. இவருக்கு இருபத்தாறு வருஷ அனுபவம்.

தூக்கம் இல்லை, அவ்வளவுதான். கண் சொக்கும் நேரத்தில் அடிவயிறு இழுக்கும். எழுந்து ஒன்றுக்குப் போனால் ஒரு கரண்டி அளவு வரும். திரும்பிப் படுத்தால் தூக்கம் முறுக்கிக்கொண்டு போயிருக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. ஒரு பிரயோஜனமும் இல்லை. எட்டு மணி நேர பஸ்ஸுக்குப் பயந்து மகள் பெற்ற பிள்ளையை இன்னும் போய்ப் பார்க்கவில்லை. ஆறு மாதத்தில் மனிதர் ஓய்ந்துபோனார்.

கண் சிவப்பு, நடையில் தள்ளாட்டம். தையல் கடையில் எல்லாரும் இது குடிதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இவரும் மறுக்கவில்லை. குடிகாரன் என்றால்கூடக் கொஞ்சம் கெத்து இருக்கிறது; ஒன்றுக்குப் போகிறவனுக்கு என்ன இருக்கிறது?

"மாஸ்டர், குடியை விடுங்க. இல்லேன்னா கட்டிங் மேஜையை விடுங்க" என்றார் முதலாளி.

"விட்டுடறேன் முதலாளி." வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாதவர் தலையைக் குனிந்துகொண்டு வாக்குக் கொடுத்தார்.

முதலாளிக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் மாஸ்டரின் மனைவியை வரவழைத்தார். "ராத்திரி இவரு குடிக்காம நீங்கதாம்மா பாத்துக்கணும்."

மாஸ்டர் கண்ணாலேயே கெஞ்சினார். அவள் பொருட்படுத்தவில்லை.

"குடியா? இவரா? ராத்திரி அஞ்சு தடவை, ஆறு தடவை ஒன்னுக்கு எழுந்திரிக்கிறாருங்க. நேத்து ஏழு."

பன்னிரண்டு தையல் மிஷினும் நின்றன. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாஸ்டருக்கு உயிரே போய்விட்டது.

"டாக்டர்கிட்டப் போகலையா?" என்றார் முதலாளி.

"வயசானா அப்படித்தாங்கிறாரு. எல்லாம் வெக்கம்."

முதலாளி சிரிக்கவில்லை. "நாளைக்கு லீவு எடுத்துப் போய்ப் பாருங்க மாஸ்டர். மேஜை உங்களுதுதான்."

மேஜை தப்பியது. ஆனால் மாஸ்டரின் மனம் அதில் இல்லை. வாசல் வரை அவளோடு போனார்.

"ஏழுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எண்ணிக்கிட்டுத்தானே கிடக்கேன். நீங்க வந்து படுக்கிற வரைக்கும் எனக்கு எங்க தூக்கம்? எங்கயாவது விழுந்து வெச்சா?"

அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணுக்கடியில் கறுத்துப்போயிருந்தது. ஆறு மாதமாகத் தன்னைப் பார்த்தே பரிதாபப்பட்டுக்கொண்டிருந்துவிட்டோமே என்று அவருக்கு உறைத்தது.

"நாளைக்கு எதுக்கு?" என்றார். "இன்னைக்கே போவோம்."