சோமாரிக்குப் பதில் நட்சத்திரங்கள்

விதி ஏழு, உட்பிரிவு மூன்று: எந்த ஆட்டக்காரரின் அரட்டை உரிமையையும் எச்சரிக்கை இல்லாமல் முடக்கக் கூடாது, முடக்கினால், மேல்முறையீட்டுக்கு எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் ஒரு மனிதர் பதில் தர வேண்டும். 'ஒரு மனிதர்' என்று தனியாகச் சொல்லியிருந்ததைப் படித்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

துறைமுக அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றபின், இணையக் கேரம் விளையாட்டு ஒன்றின் தமிழ் அரட்டை அறைக்குச் சம்பளமில்லாத கண்காணிப்பாளர் ஆனேன். கெட்ட வார்த்தை எழுதுகிறவர்களை எச்சரிப்பது வேலை. வருகிறவர்கள் பெரும்பாலும் ராயபுரம், திருவொற்றியூர்க்காரர்கள். கண்டிப்பாக நடந்துகொண்டால் அறையில் நான் மட்டும்தான் மிஞ்சுவேன்.

அங்கே ஒரு ஜோடி. அக்கா காசிமேட்டில் மீன் ஏலம் எடுப்பவர், எங்கள் தெருதான். தம்பிக்கு அத்திப்பட்டில் வேலை. அம்மாவின் காரியத்தன்று நடந்த சண்டைக்குப் பிறகு இருவரும் போனில்கூடப் பேசுவதில்லை. ஆனால் கேரத்தில் ஒரே அணி.

"ரெட் காய வுட்டுட்டு இன்னாத்தடா புட்ச்சுகினு கீற, சோமாரி?"

"மூடு. உன் மூஞ்சப் பாத்து ஸ்டிரைக்கரே ஓடுது, கஸ்மாலம்."

"துன்னியா?"

"துன்னேன்."

அந்தக் குடும்பத்தில் மிச்சமிருந்த பேச்சு இவ்வளவுதான்.

ஒரு நாள் காலை அக்கா எழுதிய வசவுகளெல்லாம் *** என்று நட்சத்திரங்களாக மாறின. தம்பி வருவதற்குள் அக்காவின் அரட்டை உரிமையே முடங்கிவிட்டது. அக்கா என் வாசலுக்கு வந்துவிட்டார்.

"இன்னா சார், நீதான அங்க பெரிய ஆபீசரு? என் வாயக் கட்டிட்டானுங்க. நான் கோச்சுக்கினேன்னு நெனச்சுக்குவான் சார்."

"தம்பியிடம் நேரில் போய்ச் சொல்லட்டுமா?"

"தூது வுட்டேன்னு ஆயிடும். வாணாம்."

அன்றே மேல்முறையீடு அனுப்பினேன். தேதி ஜூலை இரண்டு.

அறையில் தம்பி, "இன்னா, பேச மாட்டியா?" என்று எழுதினார். மறுநாளும் அதே கேள்வி. திட்டவே இல்லை. மூன்றாம் நாள், "சரி" என்று மட்டும். முடக்கப்பட்டவர் சார்பில் கண்காணிப்பாளர் செய்தி சொல்லக் கூடாது என்பது விதி ஒன்பது. நான் சொல்லவில்லை.

யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. முதல் ஆள் சாத்தாங்காட்டு இரும்புக் கடைக்காரர். இந்த ஜோடியிடம் தினமும் தோற்றுவிட்டு 'வணக்கம், நன்றி' என்று எழுதுகிறவர். அலுவலகத்தில் என்னைக் கவிழ்த்த குறிப்புகளெல்லாம் 'தங்கள் மேலான பார்வைக்கு' என்றுதான் தொடங்கின. தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன்.

"நான் எதுக்குங்கய்யா புகார் போடுதேன்? கடையச் சாத்திட்டு, அவுக ரெண்டு பேரும் வையிறதக் கேக்கத்தான இங்கன வாரேன்" என்றார். பதில் இயல்பாக இருந்ததால் சந்தேகம் கூடியது.

இன்னும் நான்கு பேரை விசாரித்தபின், சோதனை அறை ஒன்றைத் திறந்து சொற்களை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். சோமாரி, நட்சத்திரம். கஸ்மாலம், நட்சத்திரம். பேமானி, பொறம்போக்கு, எல்லாம் நட்சத்திரம். பன்னாடை மட்டும் பளிச்சென்று வந்தது.

பன்னாடை நான் எழுத மறந்த சொல்.

பொறுப்பேற்றபோது நிறுவனத்துக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தேன்: 'இணைப்பில் உள்ள சொற்கள் இப்பகுதியில் அன்பாகப் புழங்குபவை, வசையாகக் கொள்ள வேண்டாம்.' முறைப்படி கடிதம் தனி, அகர வரிசையில் இணைப்பு தனி. கடிதத்தை யாரும் படிக்கவில்லை. இணைப்பை அப்படியே வடிகட்டியில் ஏற்றிவிட்டார்கள். கடிதத்தைப் படிக்காமல் இணைப்பை மட்டும் பிரித்தெடுக்கும் வேலையை நானே எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன்!

பட்டியலைத் திரும்பப் பெறுவதாக எழுதினேன். நினைவூட்டல் ஒன்று. நினைவூட்டல் இரண்டு. ஒன்பதாம் நாள் தம்பி தன் கணக்கையே அழித்துவிட்டுப் போனார். அக்காவிடம் நான் போய்ச் சொல்ல வேண்டியிருக்கவில்லை; அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பட்டியல் என்னுடையது என்பதை மட்டும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை.

பிறகு நிறுவனத்தின் பதில் வந்தது. உரிமை மீட்கப்பட்டது, சிரமத்துக்கு வருந்துகிறோம். கீழே கையெழுத்தில்லை. அக்கா, "டேய் சோமாரி, கீறியா?" என்று எழுதினார். ஒரு எழுத்தும் மறையாமல் போய் நின்றது. அன்று தேதி ஆகஸ்ட் இருபத்தாறு.