ஒரு பிள்ளைக்கு ஒரு குப்பி

பெட்டியை மூடிய பிறகும் ஃபிளோரா எழுந்திருக்க மாட்டாள். கடைசிப் பிள்ளையும் ஊசிக்கு அழுது ஓய்ந்து வீட்டுக்குப் போயிருக்கும். பால்வாடி ஆயா மங்களாம்பிகை பாயைச் சுருட்டி வைத்திருப்பாள். இவள் மட்டும் ஊசிமருந்து ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தெருமுனையையே பார்த்திருப்பாள். புதன்கிழமைதோறும் இப்படித்தான்.

"இனி யாரு வரப்போறா? கெளம்புங்க, மன்னார்குடி பஸ் போயிடும்."

"போனாப் போவுது. அடுத்த பஸ் இல்லையா?"

கிராம நர்ஸ் வேலையில் பதினெட்டு வருஷம். பிள்ளைத்தாய்ச்சி கண்ணில் பட்டால் போதும், கடைத்தெரு என்றும் பார்க்காமல் நிறுத்திவிடுவாள். "வயித்துல இருக்கறப்பவே கேட்டுக்க. பொறந்ததும் ஒண்ணு. ஒன்றரை, ரெண்டரை, மூன்றரை மாசத்துல ஒவ்வொண்ணு. ஒம்பதாம் மாசம் தட்டம்மைக்கு. காய்ச்சல் வரும், கால் வீங்கும், ரெண்டு நாள்ல போயிடும். எங்க, திருப்பிச் சொல்லு?" அரைகுறையாகச் சொன்னால் விடமாட்டாள். பக்கத்தில் நிற்கும் மீன்காரருக்கே மனப்பாடமாகிவிட்டது.

அந்தத் தெருவில் பாதி ஆண்கள் சவுதியில். அவர்கள் குரல்தான் கேசட்டில் பதிந்து வீட்டுக்கு வரும். சில வருஷத்துக்கு முன்பு, ரஹ்மத் பீவியின் பேரன் உபைதுல்லாவுக்கு மூன்றாவது ஊசியில் கால் வீங்கிவிட்டது. "எம் மவன் ஜாபிர் சொல்லாம இனிமே ஊசி கெடையாது" என்று அந்த அம்மாள் கதவைச் சாத்தினாள். ஃபிளோரா விடுவாளா? மருமகள் ரிஃப்கா புருஷனுக்குப் பேசிய கேசட்டின் கடைசியில் தானும் உட்கார்ந்து பேசினாள். "தம்பி ஜாபிரு, நர்ஸக்கா பேசறேன். நீங்க அனுப்பற பாதாமும் பிஸ்தாவும் தட்டம்மையத் தடுக்காது. சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க." கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

லீவில் வந்த ஒருவர் கையில் பதில் கேசட் வந்து சேர ஒன்றரை மாதமாயிற்று. அன்று புதன்கிழமை. ரிஃப்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஓடிவந்தாள். "அக்கா, சரின்னுட்டாங்க! போட்டு விடுங்க."

ஃபிளோரா பெட்டியை அப்போதுதான் மூடியிருந்தாள். தட்டம்மைக் குப்பியை உடைத்தால் ஐந்து பிள்ளைக்குப் போடலாம். மிச்சத்தை அன்றைக்கே கொட்ட வேண்டும். ஏன் வீணாக்கினாய் என்று ஆபீசில் எழுதிக் கேட்பார்கள். "ஒரு புள்ளைக்குப் போயி உடைக்கிறதா? வர்ற புதன் அஞ்சாறு சேரும். மொத ஆளா வா கண்ணு." பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு பஸ் ஏறினாள்.

அடுத்த புதனில் ஆற்றில் உடைப்பு, பஸ் ஓடவில்லை. அதற்கடுத்த புதனில் சொட்டுமருந்து வேலைக்கு வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது புதனில் இவள் தெருவுக்குள் நுழைந்தபோது பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடிப்பு, நெஞ்சில் இழுப்பு. வெள்ளிக்கிழமை அடக்கம் செய்தார்கள்.

இவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "கதவைச் சாத்துன பாவி நாந்தான்" என்று ரஹ்மத் பீவி தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். பெட்டி மூடிய கதை ரிஃப்காவுக்கு மட்டும் தெரியும். அவளும் வாய் திறக்கவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை.

இப்போது ஒரு பிள்ளை வந்தாலும் குப்பியை உடைக்கிறாள். ஆபீசிலிருந்து மூன்று மெமோ வந்துவிட்டது. "கேக்கட்டும். எழுதறேன். மறுபடி கேட்டா மறுபடி எழுதறேன்."

போன மாதம் ரிஃப்காவின் இரண்டாவது பிள்ளைக்கு ஒன்பது மாதம் நிறைந்தது. பால்வாடிக்கு அன்று தட்டம்மை ஊசிக்கு நாலு பிள்ளைகள் வந்திருந்தன. ரிஃப்கா குழந்தையோடு எதிரே அடிபம்பு மேடையில் உட்கார்ந்திருந்தாள்.

"வா ரிஃப்கா, உடைச்ச குப்பியில ஒரு ஆளுக்கு இருக்கு."

அசையவில்லை. மற்றவர்கள் போனார்கள். நேரமாயிற்று. ஃபிளோரா மிச்சத்தைக் கொட்டினாள், பெட்டியை மூடினாள். அதன் பிறகுதான் ரிஃப்கா எழுந்து வந்து குழந்தையை நீட்டினாள்.

ஃபிளோரா பெட்டியைத் திறந்தாள். புதுக் குப்பியை உடைத்தாள், ஊசியைப் போட்டாள். மிச்சமிருந்த நாலு பிள்ளை மருந்தை ரிஃப்காவின் கண்ணெதிரே மண்ணில் ஊற்றினாள்.

அந்த ஈரம் காயும்வரை ரிஃப்கா அங்கேயே நின்றாள்.