இந்தக் கலரு நமக்கு ஒத்துவராதுங்க

என் ஒரே வாக்கியத்தால் இன்று ஒரு கல்யாணமே கவிழப் பார்த்தது.

அக்கா மகன் முரளிக்குப் பெண் பார்க்கப் பெருநகர் என்ற ஊருக்குப் போயிருந்தோம். குளிர்பானம் குடித்தால் சர்க்கரை சர்ரென்று ஏறும் என்று டாக்டர் போன வாரம்தான் என்னை எச்சரித்திருந்தார். ஏற்கனவே என் ரத்தத்தில் இரண்டு கரும்பாலைகள் ஓடுகின்றன.

பெண்ணின் அப்பா, எங்கள் பக்கம் ‘கலர்’ என்று சொல்லும் ஆரஞ்சுக் குளிர்பானத்தை டம்ளரில் ஊற்றி நீட்டினார்.

சபை அதிர முழங்கினேன்: “இந்தக் கலரு நமக்கு ஒத்துவராதுங்க!”

சமையலறையில் பாத்திரம் உருண்டது. பெண்ணின் அம்மா கரண்டியோடு வந்தார்.

“இன்னாது? எம் பொண்ணு கலருக்கு இன்னா கொறச்சலு? நீ மட்டும் இன்னா, பாலுல குளிச்சினு வந்தியா?”

நான் இறங்கினால் பாலாறே கறுத்துவிடும். அப்படிப்பட்ட நிறம் எனக்கு.

முரளி காதருகே அழுதான். “மாமா, எனக்கு அந்தப் பொண்ண ரொம்பப் புடிச்சிகீது. கெடுத்துட்டியே!”

அதற்குள் பெண்ணே வெளியே வந்தாள். நான் தொடாத டம்ளரைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

“யம்மா, அவரு குடிக்கிற கலர சொல்றாரு. சுகருங்களா மாமா?”

“ஆமாம்மா,” என்றேன், உயிர் திரும்பி.

“அப்ப மோரு எடுத்தாறேன்.” பயத்தில் மூன்றாவது டம்ளரைக் காலி செய்துகொண்டிருந்த முரளியை ஓரக்கண்ணால் பார்த்தாள். “அவருக்கும் இனிமே மோருதான்.”

அந்த ‘இனிமே’யில் கல்யாணம் முடிவாகிவிட்டது.

வாழ்த்துகளை எனக்கு அனுப்பவும். முரளியின் கலருக்கு இரங்கல் தெரிவிப்பவர்கள் கீழே வரிசையில் வரவும்.