ரோசாப்பூ அட்டையின் பின்பக்கம்

மனைவியின் பிறந்தநாளை மூன்றாவது முறையாக மறந்திருந்தேன். அவள் கோபித்துக்கொண்டு ஷ்லீரன் நகரில் இருக்கும் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டாள். சமாதானம் செய்ய வழி தேடி, சோலோதுர்ன் நகரத்துப் பழம்பொருள் சந்தையில் நூறு வருடப் பழைய காதல் தபாலட்டைகள் விற்ற பெண்ணிடம் போனேன். இந்த நாட்டிலேயே பிறந்து, ஜெர்மனில் படிக்கும் தமிழ் மாணவி. சுருட்டை முடி, விரல் நுனி இல்லாத கையுறை. எந்த அட்டையையும் பின்பக்கத்தை முணுமுணுத்து வாசித்த பிறகே கையில் கொடுப்பாள்.

நிலவு, ஏரி, ரோசாப்பூக்களோடு மண்டியிட்ட ஒரு மீசைக்காரன். அந்த அட்டையை எடுத்தேன். பின்னால் பழைய ஜெர்மன் கையெழுத்து. அந்தக் காலத்துக் காதலன் எழுதியதைத் திருடித் தமிழில் அனுப்புவது என் திட்டம்.

“வாசிச்சுச் சொல்லும், தங்கச்சி.”

“ஆடு ரெண்டு குட்டி போட்டிட்டுதாம். கிழமை முடிய வாறாராம்.”

“காதல் ஒண்டும் இல்லையோ?”

“எழுத வெக்கம், அண்ணை. அதுக்குத்தானே படம் வாங்கிறது.”

மீசைக்காரனை எனக்கு உடனே பிடித்துப்போனது. நானும் அவனைப் போலவே, அட்டையோடு ஒரு தாளில் ‘உடுப்புத் தோய்க்கிற மெஷினை எப்படிப் போடுறது?’ என்று மட்டும் எழுதி அனுப்பினேன். கடிதம் கிடைத்த அன்றே மனைவி வந்தாள். மெஷினைக் காப்பாற்றத்தான் வந்ததாகச் சொன்னாள்.

அந்தப் பெண் உண்மையாகவே வாசித்தாளா, என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆட்டுக்குட்டிகளைக் கற்பனை செய்தாளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.