நாற்பத்தொன்றாவது நாள்

லெந்து வந்தால் எனக்குக் கர்வமும் வந்துவிடும். ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளும் ஒரு சொட்டு தொடமாட்டேன். கடலூரில் எங்கள் சபையில் பலரும் கறியைத்தான் விட்டார்கள். நான் குடியை விட்டேன். "நாப்பது நாள் இருக்கத் தெரிஞ்சவன் குடிகாரனா?" என்று மனைவியிடம் கேட்பேன். போதகர்கூட ஒருமுறை பிரசங்கத்தில் என்னைப் பெயர் சொல்லாமல் பாராட்டினார்.

ஈஸ்டர் மதியம் பிரியாணி இறங்குவதற்குள் ஆல்பேட்டைப் பாலத்தைத் தாண்டி, புதுச்சேரி எல்லைப் பிராந்திக் கடைக்குப் போய்த் திரும்பியிருப்பேன். மனைவியின் தம்பி வாசலிலேயே சிரிப்பான்: "மாமா உயிர்த்தெழுந்துட்டாருடோய்!" நானும் சிரிப்பேன். 2004 முதல் வருடா வருடம் இதே கதை.

2010 ஈஸ்டர். மகள் சிதம்பரத்தில் கல்லூரி முதல் வருடம். அன்று மாலையே விடுதிக்குத் திரும்ப வேண்டும். "பஸ்ல போய்க்கிறேம்பா" என்றாள். நான் வண்டியை எடுத்தேன். நாற்பது நாள் இருந்தவனை இரண்டு ரவுண்டு என்ன செய்துவிடும்? கீரப்பாளையம் அருகே ஒரு வளைவில் வண்டி வாய்க்காலுக்குள் இறங்கியது. எனக்குச் சிராய்ப்பு. அவளுக்கு வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது.

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்ட பிறகு சொன்னாள். அழவில்லை.

"மத்த பிள்ளைங்கல்லாம் ஈஸ்டர் எப்ப வரும்னு இருப்பாங்கப்பா. நான் வரவே கூடாதுன்னு ஜெபம் பண்ணுவேன். சின்ன வயசுலேர்ந்தே."

என்னைப் பார்த்து அவள் பெருமைப்படுகிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் மிச்சமிருக்கும் நாட்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அன்றிலிருந்து குடிக்கவில்லை. இதில் பெருமைக்கு ஒன்றுமில்லை. நாற்பது நாள் இருந்தேனே, அது நாற்பத்தொன்றாவது நாளை நினைத்து இருந்தது. ஆண்டவருக்குக் கொடுத்ததாகச் சொல்லி, அவரிடம் அடகு வைத்து மீட்டுக்கொண்டேன். இப்போது அப்படி ஒரு நாள் கிடையாது. சாயங்காலம் ஆறு மணிக்கு நாக்கு வறள்கிறது. சங்கீதத்தைத் திறக்கிறேன், ஒரு வரியும் ஏறுவதில்லை. "இன்னிக்கு மட்டும், ஆண்டவரே" என்று கேட்டுவிட்டு மூடுகிறேன். அதற்கு மேல் வாக்குக் கொடுக்கப் பயமாக இருக்கிறது. மைத்துனன் விடுவதில்லை: "லெந்து முடிஞ்சி எவ்ளோ நாளாச்சி மாமா, இன்னும் கல்லறையிலயே படுத்திருக்கீங்க?"

மறுவருடம் ஈஸ்டருக்கு மகள் வரவில்லை. பரீட்சை என்றாள். 2012இலும் பரீட்சை என்றாள். மனைவி கட்டிக்கொடுத்த பிரியாணிக் கேரியரோடு பஸ் ஏறினேன்.

விடுதி வாசலுக்கு வந்தாள். கேரியரை வாங்க நெருங்கியவள், என் முகத்தருகே ஒரு நொடி நின்று மூச்சை உள்ளே இழுத்தாள். சின்ன வயதில் எனக்குக் கதவு திறக்கும்போதெல்லாம் அப்படித்தான் செய்வாள். நான் வாயைத் திறந்து மெதுவாக மூச்சு விட்டேன். வேண்டுமளவு பார்த்துக்கொள்ளட்டும் என்று அசையாமல் நின்றேன்.

"சரிப்பா. பாத்துப் போங்க."

அடுத்த ஈஸ்டருக்காவது வீட்டுக்கு வருவாயா என்று கேட்கத்தான் அவ்வளவு தூரம் போனேன். கேட்கவில்லை. வலது கையில் வாங்கிய கேரியரை இடது கைக்கு மாற்றிக்கொண்டு அவள் உள்ளே போனாள்.