கடைசிப் பக்கங்கள் இல்லாத காமிக்ஸ்

சில வருடங்களுக்கு முன், தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சரஸ்வதி பூஜை. அப்போது நாங்கள் மந்தைவெளியில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். எனக்கு நந்தனத்தில் அலுவலக வேலை. என் ஒரே மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம் பள்ளி திறந்ததிலிருந்தே அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கேட்டால் பதில் சொல்வாள், அவ்வளவுதான். தட்டில் போட்டதில் பாதி அப்படியே இருக்கும். பரீட்சை பயம் என்றார் என் கணவர். வயசு அப்படி என்றார்கள் பக்கத்துப் போர்ஷனில். நானும் அதையெல்லாம் நம்பத்தான் பார்த்தேன். ஆனால் ராத்திரி அவள் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டால் எனக்கும் தூக்கம் போய்விடும்.

எங்கள் வீட்டில் பூஜையன்று எல்லோருடைய புத்தகங்களையும் பலகையில் அடுக்கி, வெள்ளைத் துணி போர்த்தி, சந்தனம் குங்குமம் வைப்போம். அன்று முழுக்க யாரும் ஒரு எழுத்துகூடப் படிக்கக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் மறுபடி தீபாராதனை காட்டி, அடுக்கிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கொஞ்சமாவது படிக்க வேண்டும். என் மாமனார் காலத்து வழக்கம்.

அந்த வருடம் நான் துணி போர்த்தப் போனபோது, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரிக்கு மேலே பெரிய அளவில் ஒரு காமிக்ஸ் புத்தகம் இருந்தது. வெளிநாட்டுப் புத்தகம். அட்டை நைந்திருந்தது. லஸ் முனையில் நடைபாதைக் கடையில் வாங்கியிருக்கிறாள். புரட்டிப் பார்த்தேன். முகமூடி வீரன் இல்லை, துப்பாக்கி இல்லை, சிரிப்பும் இல்லை. கறுப்பு வெள்ளையில் ஒரு வீடு, ஒரு அப்பா, ஒரு அம்மா, ஒரு பெண். நிறையப் பக்கங்களில் ஒரு எழுத்துகூட இல்லை.

பொரியும் பழமும் கொண்டுவந்த என் கணவரின் அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். மாமா என்றுதான் நான் அவரைக் கூப்பிடுவேன். மயிலாப்பூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர்தான், வாய்தான் கொஞ்சம் அதிகம்.

“இன்னாம்மா இது, சரஸ்வதி பக்கத்துல பொம்மை புக்கு! அப்படியே கேரம் போர்டையும் தூக்கியாந்து பொட்டு வெச்சுடு.”

என் கணவர் சிரித்துக்கொண்டே அதை எடுக்கக் கை நீட்டினார். மகள் கதவருகில் நின்றிருந்தாள்.

“அது இருக்கட்டும் நைனா. நான் படிக்கிற புக்கு அது” என்றாள்.

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவது. அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் தானாக ஒன்று வேண்டும் என்று கேட்டாள். இது வேண்டும், இது வேண்டாம் என்று சொல்வதையே விட்டிருந்த பெண். அதனால் நான் அந்தப் புத்தகத்தின் மீதும் சந்தனம் வைத்துத் துணியைப் போர்த்தினேன். மாமா உதட்டைப் பிதுக்கினார்.

மறுநாள் அவளுக்கு வேறொரு ஏற்பாடு இருந்தது. தி. நகரில் மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி தரும் ஒரு இடம். சீட்டு கிடைப்பதே கஷ்டம். மாமாதான் தெரிந்தவரைப் பிடித்து வாங்கித் தந்திருந்தார். நல்ல நாளில் ஆரம்பிக்கட்டும் என்று விஜயதசமியன்றே சேர்ப்பதாகப் பேச்சு. காலையில் ஸ்கூட்டரில் வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தார்.

காலையில் தீபாராதனை முடிந்தது. அவள் நைனா சொன்னபடி மகள் கெமிஸ்ட்ரியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். நான் என் புத்தகத்தை எடுக்கப் போனேன். கை அந்தக் காமிக்ஸிடம் போனது. இதில் அப்படி என்னதான் இருக்கிறது, பார்த்துவிடுவோம் என்று கூடத்தில் உட்கார்ந்தேன்.

எழுத்தை மட்டும் படித்துப் பழகியவள் நான். எழுத்து இருந்த இடத்தில் படித்து, இல்லாத பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனதில், காபி ஆறுவதற்குள் பாதிப் புத்தகம் முடிந்துவிட்டது. ஒன்றும் புரியவில்லை. அப்பா பேப்பர் பார்க்கிறார், அம்மா சமைக்கிறாள், பெண் ஜன்னலருகே உட்கார்ந்திருக்கிறாள். மறுபடியும் அதேதான். எரிச்சலாக இருந்தது. ஆனால் எடுத்ததைப் பாதியில் வைக்கக் கூடாது என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன்.

அப்போதுதான் தரையோரம் ஒரு கறுப்புக் கோடு கண்ணில் பட்டது. அச்சு மை இழுத்துக்கொண்டது என்று நினைத்தேன். அடுத்த பக்கத்தில் அது நாற்காலிக் காலில் கொஞ்சம் ஏறியிருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். அது தண்ணீர். வீட்டுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெண்ணைத் தவிர யாரும் அதைப் பார்க்கவில்லை. அப்பா பேப்பரை நனையாமல் சற்று உயர்த்திப் பிடித்துக்கொள்கிறார். அம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்று குழம்பைக் கிளறுகிறாள். மகளின் தட்டைத் தண்ணீர் மீது வைத்து மெல்லத் தள்ளுகிறாள். தட்டு மிதந்து மகளிடம் போகிறது. கெட்ட அம்மா இல்லை அவள். நேரத்துக்குச் சாப்பாடு போடுகிற அம்மா.

 வேகமாகப் புரட்டினேன். பெண்ணின் தோள் வரை தண்ணீர். பிறகு கழுத்து. பிறகு மோவாய். அவள் அண்ணாந்து கூரையைப் பார்க்கிறாள். அடுத்த பக்கம் இல்லை. பழைய புத்தகம், கடைசித் தாள்கள் கிழிந்து பின் அட்டை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

புத்தகத்தோடு மொட்டை மாடிக்கு ஏறினேன். மகள் கைப்பிடிச் சுவரோரம் நின்றிருந்தாள். கெமிஸ்ட்ரி மூடியபடி கீழே கிடந்தது.

“கடைசிப் பக்கமெல்லாம் எங்கடி?”

“வாங்கும்போதே இல்லம்மா.” திரும்பி என் கையில் இருந்ததைப் பார்த்தாள். “நீ படிச்சியா?”

“படிச்சேன். அந்தப் பொண்ணு என்ன ஆனா?”

“என்ன ஆவா? மூழ்கிடுவா.”

மழை வரும் என்று சொல்வது மாதிரி சொன்னாள்.  இன்னது கேட்க வேண்டும் என்று யோசித்துக் கேட்கவில்லை. வாயில் வந்துவிட்டது.

“உனக்கு எது வரைக்கும் வந்திருக்கு?”

அவள் கையைத் தட்டையாக வைத்து மோவாய்க்குக் கீழே காட்டினாள். அவ்வளவுதான். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன், கீழே வந்து சேரும்வரை விடவில்லை.

மாமா ஸ்கூட்டரோடு வந்திருந்தார். “கிளம்பலாமா டாக்டரம்மா?” என்றார் மகளைப் பார்த்து.

“அவ இன்னைக்கு வர மாட்டா மாமா.”

“இன்னாம்மா நீ, நல்ல நாள் அதுவுமா! அவன்கிட்ட எவ்ளோ கெஞ்சி வாங்கின சீட்டு தெரியுமா?”

“அந்த சீட்டு வேணாம். நான் அவளை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்.”

ஜுரமா என்று கேட்டார் என் கணவர். மனசுக்கு என்றேன். உடனே இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். பொம்மை புத்தகம் பார்த்துவிட்டு உளறுகிறேன் என்றார் கணவர். மாமா தணிந்த குரலில், “நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வரும்போது நாலு பேர் கேப்பாங்கம்மா” என்றார்.

“வரும்போது நான் பதில் சொல்லிக்கிறேன்” என்றேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவரை எதிர்த்து நான் பேசியதில்லை. அன்று என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மகள் அழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் தயாராக நின்றாள். அதைப் பார்த்த பிறகு யார் சொல்லியும் நான் நின்றிருக்க மாட்டேன்.

அடையாறில் எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண் மருத்துவர் இருந்தார். விடுமுறையாக இருந்தும் வீட்டிலேயே பார்த்தார். என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு அவளிடம் வெகுநேரம் பேசினார். பிறகு ஒரு மனநல மருத்துவருக்குப் போன் செய்து மறுநாளே பார்க்க ஏற்பாடு செய்தார். நாங்கள் கிளம்பும்போது என்னிடம், “கூட்டிட்டு வந்தீங்களே, அதுவே பெரிசு. இப்போதைக்கு அவளைத் தனியா விடாதீங்க” என்றார். மகள் உள்ளே என்ன சொன்னாள் என்பது பின்னால் எனக்குத் தெரிந்தது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

திரும்பும் வழியில் ஆட்டோவை மாமாவின் கடையருகே நிறுத்தச் சொன்னேன். பூஜை போட்ட கடை, கல்லாவில் சாமந்தி மாலை தொங்கியது. இன்னும் கோபம் தீராத முகத்தோடு, “இன்னா வேணும்?” என்றார்.

“ஒரு பூட்டு வேணும் மாமா.”

“எதுக்கு?”

“மொட்டை மாடிக் கதவுக்கு.”

பூட்டு எடுக்க நீட்டிய கை அப்படியே நின்றது. ஆட்டோவில் உட்கார்ந்திருந்த மகளை எட்டிப் பார்த்தார். பூட்டு, தாழ்ப்பாள், திருகாணி, ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு எங்கள் பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்து, தன் கையாலேயே பொருத்திப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்தார். அதன் பிறகு இன்றுவரை சீட்டைப் பற்றியோ கல்யாணத்தைப் பற்றியோ அவர் பேசியதில்லை.

மருந்து, ஆலோசனை என்று அந்த வருடம் போயிற்று. நுழைவுத் தேர்வு எழுதவில்லை. மெல்லச் சாப்பிட ஆரம்பித்தாள். மெல்லச் சண்டையும் போட ஆரம்பித்தாள். அதுவே எனக்குத் திருவிழாவாக இருந்தது. அந்தக் காமிக்ஸின் முழுப் பிரதி கிடைக்குமா என்று நான் லஸ் முனையில் எத்தனையோ மாலைகள் குனிந்து தேடியிருக்கிறேன். “இன்னா மேடம், உங்களுக்கா இந்தப் பட புக்கு?” என்று சிரிப்பார் கடைக்காரர். எனக்குத்தான் என்பேன். தேடப்போய் அந்த மாதிரிப் புத்தகங்கள் வேறு சில படித்தேன். இப்போது படத்தை அவசரமாகத் தாண்டுவதில்லை. முதலில் தரையைப் பார்க்கிறேன். எங்கள் புத்தகம் மட்டும் கிடைக்கவே இல்லை. முடிவில்லாமலேதான் அது வருடா வருடம் சரஸ்வதி பூஜைக்கு அடுக்கில் மேலே ஏறுகிறது.

மகள் இப்போது வேறு ஊரில் விடுதியில் தங்கித் தாவரவியல் படிக்கிறாள். ஞாயிறு தோறும் போன் பேசுவாள். கடைசியில் நான், “எது வரைக்கும்?” என்று கேட்பேன். பெரும்பாலும் “கணுக்கால்தாம்மா” என்று சிரிப்பாள். ஒருமுறை “இடுப்பு” என்றாள். அன்று மாலையே பஸ் ஏறிவிட்டேன். கேட்டுவிட்டு அவள் பதில் வரும்வரை ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், ஆனால் கேட்காமல் இருந்துவிடலாம் என்று ஒரு ஞாயிறுகூட எனக்குத் தோன்றியதில்லை.